எல்லைக் கோடு வரையப்படாத கடலில் ஓர் அதிகாரி

வாசகர் கேள்வி – பதில்

சுதந்திர சிங்கப்பூரின் தொடக்க ஆண்டுகளில் நம் கடலைக் காத்தவர்கள் யார், எதை வைத்துக் காத்தார்கள், ஒரு கடற்படை அதிகாரி அன்றாடம் என்னதான் செய்தார் என்று கேட்டு இம்முறை நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் எல்லாவற்றையும் சேர்த்தே இங்கே தருகிறோம்.

உட்லண்ட்ஸிலிருந்து ஓர் ஆசிரியை: 1965-இல் பிரிந்தபோது நம்மிடம் கடற்படை என்று ஏதாவது இருந்ததா? மாணவர்கள் கேட்கிறார்கள். தரைப்படையைப் பற்றி நிறையச் சொல்ல முடிகிறது, கடற்படை என்றதும் நின்றுவிடுகிறேன்.

இருந்தது. ஆனால் அது தொண்டூழியர்களின் கடற்படை. 1934-இல் பிரிட்டிஷார் இங்கே தொடங்கிய தொண்டூழியக் கடற்படைப் பிரிவுதான் அதன் வேர். பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள் மாலையிலும் வாரக் கடைசியிலும் சீருடை போட்டுக்கொண்டு படகோட்டவும் பீரங்கி கையாளவும் பழகினார்கள். தொடக்கத்தில் கையிலிருந்த கப்பல்களின் பெயர்கள் சிங்கப்பூரா, பங்லிமா, பிடோக். சிங்கப்பூராவைக் கடலோடும் போர்க்கப்பல் என்று நினைத்துவிட வேண்டாம். தெலுக் ஆயர் துறைமுகத்தில் கட்டி வைக்கப்பட்டு, தலைமையகமாகவும் பயிற்சிக்கூடமாகவும் பயன்பட்ட கப்பல் அது. அந்த முதல் ஆண்டுகளில் படைக்குத் தலைமை தாங்கியவர் ஜஸ்வந்த் சிங் கில்.

1967 மே 5-ஆம் தேதி சிங்கப்பூரா கப்பலில் முதன்முதலாக நம் சொந்தக் கடற்படைக் கொடி ஏறியது. கடற்படை தன் பிறந்தநாளாகக் கொண்டாடுவது அந்த நாளைத்தான். 1968 டிசம்பரில் படைக்கு மேரிடைம் கமாண்ட் என்று பெயர் மாறியது. சிங்கப்பூர்க் குடியரசுக் கடற்படை என்ற பெயர் வந்தது 1975 ஏப்ரல் 1-இல்தான். மாணவர்களிடம் சொல்லும்போது இதைக் கவனியுங்கள்: 1974-இல் நடந்த ஒன்றைச் சொல்கையில் குடியரசுக் கடற்படை என்றால் கறாராகப் பார்த்தால் தவறு.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லலாம். 1965-இல் நம் கடலை உண்மையில் காத்தது செம்பவாங்கில் நின்ற பிரிட்டிஷ் கடற்படைதான். 1968 ஜனவரியில் பிரிட்டிஷ் பிரதமர் வில்சன், 1971 முடிவதற்குள் படைகளை விலக்கிக்கொள்வோம் என்று அறிவித்த பிறகுதான் நம்மவர்களுக்கு அவசரம் பிறந்தது. கையிலிருந்தது நான்கு ஆண்டுகூட இல்லை.

தெம்பனிஸிலிருந்து ஒரு வாசகர்: அந்த அவசரத்தில் ஏன் சின்னச் சின்ன ரோந்துப் படகுகளாக வாங்கினார்கள்? பெரிய கப்பல் ஒன்றிரண்டு வாங்கியிருந்தால் பார்க்கிறவர்களுக்கும் பயம் இருந்திருக்குமே?

நம் கடலின் அளவைப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். அப்போது நாம் சொந்தம் கொண்டாடிய கடல் கரையிலிருந்து 3 கடல் மைல். ஒரு கடல் மைல் 1,852 மீட்டர், ஆக ஐந்தரைக் கிலோமீட்டர். 20 நாட், அதாவது மணிக்கு 20 கடல் மைல் வேகத்தில் வரும் ஒரு மோட்டார் படகு அதைக் கடக்க 9 நிமிடம் போதும். அந்த 9 நிமிடத்துக்குள் அதைக் கண்டுபிடித்து, யாரென்று தெரிந்துகொண்டு, நெருங்கி, நிறுத்தவேண்டும். இதற்குத் தேவை வேகமும் எண்ணிக்கையும். ஒரு பெரிய கப்பல் ஒரு நேரத்தில் ஓர் இடத்தில்தான் நிற்கும். தீவுகளுக்கு நடுவே ஆழம் குறைந்த இடங்களில் அதனால் நுழையவும் முடியாது.

அச்சுறுத்தல் எப்படிப்பட்டது என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இந்தோனீசியாவுடனான கொன்ஃப்ரொன்டாசி மோதல் காலத்தில், 1965 மார்ச் 10-ஆம் தேதி ஆர்ச்சர்ட் ரோட்டில் மெக்டொனால்ட் ஹவுஸில் குண்டு வெடித்து மூவர் இறந்தார்கள், 33 பேர் காயமடைந்தார்கள். குண்டு வைத்த இந்தோனீசியக் கடற்படை வீரர்கள் இருவர் வந்தது கடல் வழியாகத்தான். மூன்று நாள் கழித்துப் பிடிபட்டதும் கடலில்தான். தப்பி ஓடிய படகின் மோட்டார் பழுதாகி நின்றது. அது பழுதாகாமல் இருந்திருந்தால் என்ற கேள்விக்கு விடைதான் ரோந்துப் படகு.

1968-இல் வோஸ்பர் தோர்னிகிராஃப்ட் நிறுவனத்திடம் 110 அடி நீளப் படகுகள் ஆறு கேட்கப்பட்டன. இண்டிபெண்டன்ஸ், ஃப்ரீடம், ஜஸ்டிஸ் மூன்றிலும் முன்புறம் 40 மி.மீ. பீரங்கி. சாவரின்டி, டேரிங், டான்ட்லெஸ் மூன்றிலும் 76 மி.மீ. பீரங்கி. முதல் இரண்டு படகுகள் இங்கிலாந்தில் உருவாயின, மற்றவை இங்கேயே கட்டப்பட்டன. 1970, 71-இல் அவை பணிக்கு வந்து சேர்ந்தன.

ஆறு படகு இருந்தால் ஆறும் கடலில் நிற்கும் என்று கணக்குப் போடக்கூடாது. ஒரு படகு ரோந்தில், ஒன்று பயிற்சியிலோ புறப்படத் தயாராகவோ, ஒன்று பழுதுபார்ப்பில் என்பதுதான் எந்தக் கடற்படையிலும் நடைமுறை. ஆறில் நம்பி அனுப்பக்கூடியவை இரண்டு. வெப்பக் கடல் இதை இன்னும் மோசமாக்கும். உந்துசுழலியில் சிப்பி ஒட்டி வளர்ந்தால் எஞ்சின் முழு மூச்சில் ஓடினாலும் வேகம் ஏறாது, எரிபொருள் செலவும் வெப்பமும்தான் ஏறும். எஞ்சினைக் குளிர்விக்கக் கடல்நீரை இழுக்கும் குழாயின் வடிகட்டியில் ஒரு பிளாஸ்டிக் பை போய் ஒட்டிக்கொண்டால் சில நிமிடத்தில் வெப்பமானி சிவப்புக்குப் போய்விடும், எஞ்சினை நிறுத்தவேண்டியதுதான். துரத்தும்போதுதான் இது நடக்கும், ஏனென்றால் அப்போதுதான் அதிக நீரை இழுக்கிறது. ஆகவே வடிகட்டியைக் கழற்றிக் கழுவினார்களா என்று கேட்காமல் புறப்படும் அதிகாரி நல்ல அதிகாரி அல்ல.

புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து இரு வாசகர்கள் தனித்தனியாக: இரவு ரோந்தில் அதிகாரியின் வேலை என்ன? சந்தேகப் படகைக் கண்டதும் சுட்டுவிடலாமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: முடியாது. அதற்கு முன் செய்யவேண்டியவை நிறைய இருக்கின்றன. அவற்றில் முதலாவது, நான் எங்கே இருக்கிறேன் என்று அறிவது.

சிங்கப்பூர் நீரிணை ஏறத்தாழ 105 கி.மீ. நீளம், 16 கி.மீ. அகலம். மேற்கே பிலிப் கால்வாய் அருகே 2.8 கி.மீ. அளவுக்குக் குறுகிவிடும். எதிர்க்கரை வேறொரு நாடு. இரு நாட்டுக்கும் நடுவே கடல் எல்லை உடன்பாடு கையெழுத்தானது 1973 மே மாதம்தான், அதுவும் நீரிணையின் நடுப்பகுதிக்கு மட்டும். அதுவரை ரோந்து போன அதிகாரியின் வரைபடத்தில் இரு நாடும் ஒப்புக்கொண்ட கோடு என்று ஒன்று இல்லை. நாம் துரத்தும் படகு இன்னொரு நாட்டின் கடலுக்குள் நுழைந்துவிட்டால் துரத்தும் உரிமை அங்கேயே முடிந்துவிடும் என்று 1958-ஆம் ஆண்டின் அனைத்துலக உடன்படிக்கை சொல்கிறது. அதாவது கோடு இல்லாத இடத்தில் கோட்டைத் தாண்டாமல் துரத்தவேண்டும். இருபத்தைந்து வயதுக்காரர் ஒருவரிடம் இருட்டில் ஒப்படைக்கப்பட்ட வேலை இது. பீரங்கியின் அளவை எல்லோரும் எழுதுகிறார்கள், இதை எழுதுவோர் குறைவு.

இடத்தைக் கணிக்கும் முறை இது. வரைபடத்தில் உள்ள மூன்று அடையாளங்களை எடுக்கவேண்டும். மேற்கே என்றால் ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கமும் சுல்தான் ஷோல் விளக்கமும் உதவும், கிழக்கே கடைசியில் பெட்ரா பிராங்காவில் இருக்கும் ஹார்ஸ்பர்க் விளக்கம் உதவும். மூன்றும் ஒன்றுக்கொன்று சுமார் 60 பாகை இடைவெளியில் இருந்தால் நல்லது. திசைகாட்டியில் ஒவ்வொன்றின் திசைக்கோணத்தையும் படித்து வரைபடத்தில் கோடு போட்டால் மூன்றும் சந்திக்கும் இடத்தில் படகு இருக்கிறது. முன்னாலும் பின்னாலும் இருக்கும் அடையாளத்தின் கோணம் மெல்லத்தான் மாறும். அதை முதலில் எடுக்கவேண்டும். பக்கவாட்டில் இருப்பது வேகமாக மாறும். அதைக் கடைசியில் எடுத்து, எடுத்த கணத்தையே நேரமாகக் குறிக்கவேண்டும். வரிசையை மாற்றினால் 25 நாட் வேகத்தில் ஓடும் படகில் கோடுகள் ஒரு புள்ளியில் சேராமல் முக்கோணமாகிவிடும். முக்கோணம் சிறியதென்றால் ஆபத்துக்கு அருகே உள்ள மூலையில் இருப்பதாக எடுத்துக்கொள்வது வழக்கம். பெரியதென்றால் ஏதோ ஒரு விளக்கைத் தப்பாக அடையாளம் கண்டிருக்கிறோம் என்று பொருள். நகரத்து வெளிச்சத்தைப் பின்னணியாக வைத்துக் கடலிலிருந்து பார்த்தால் கலங்கரை விளக்கம் எது, கட்டட விளக்கு எது என்று கண்ணால் பிரிக்கமுடியாது. மின்னும் இடைவெளியை வினாடி எண்ணித்தான் உறுதி செய்யவேண்டும்.

அடுத்தது ரேடார். சம்பான் என்னும் சிறு மரப் படகிடமிருந்து திரும்பி வரும் எதிரொலி பலவீனமானது. ஒரு சுற்றில் புள்ளி தெரியும், அடுத்த சுற்றில் அலைக்குப் பின்னால் போய்விடும். திரையில் படகைச் சுற்றி அலைகளின் எதிரொலி மணல் தூவியதுபோல் தெரியும், அதைக் குறைக்க ஒரு குமிழ் உண்டு. புதியவர்கள் திரை சுத்தமாகும்வரை அதைத் திருகுவார்கள். சுத்தமான திரையில் சம்பானும் போயிருக்கும். கொஞ்சம் இரைச்சலை விட்டுவைத்து, நான்கைந்து சுற்று பொறுமையாகப் பார்ப்பதுதான் சரி. அலையின் புள்ளி இடம் மாறிக்கொண்டே இருக்கும், படகின் புள்ளி ஒரு வழியில் நகரும்.

விடியலுக்கு முன் சுமத்ரா காற்று மழையோடு வந்தால் ரேடாரில் ஒரு பெரிய திட்டு விழும். ஊடுருவுபவர் அதைப் பயன்படுத்திக்கொள்வார் என்று எதிர்பார்க்கலாம். மழை எட்டுவதற்கு முன்பே திரையில் இருக்கும் ஒவ்வொரு புள்ளியின் இடம், போக்கு, வேகம் மூன்றையும் குறித்துவிட்டால் மழைக்குப் பின்னால் எது எங்கே வெளிப்படவேண்டும் என்று கணிக்கலாம். இதற்கு எளிய வாய்பாடு: 6 நிமிடத்தில் போகும் தூரம் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு. 20 நாட் என்றால் 2 கடல் மைல். மழை விலகிய பிறகு கணக்கில் இல்லாத புள்ளி எதுவோ அதை நோக்கிப் போகவேண்டும்.

கண்ணும் வேண்டும். இருட்டுக்குக் கண் முழுமையாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். அதனால்தான் வாட்ச் எனப்படும் காவல்முறை மாறுவதற்கு முன்னதாகவே மேலே வந்து நிற்கவேண்டும், படகைச் செலுத்தும் இடமான பிரிட்ஜில் மங்கலான சிவப்பு விளக்கு மட்டும் எரியவேண்டும். யாராவது வரைபடம் பார்க்க வெள்ளை டார்ச்சைப் போட்டுவிட்டால் அங்குள்ள எல்லோருக்கும் அந்த அரைமணி நேரம் மறுபடி தொடங்கும்.

படகைக் கண்டாயிற்று. இனி நெருங்குவது. பின்பக்கவாட்டிலிருந்துதான் அணுகவேண்டும். அப்போது எதிரில் இருப்பவர் நம்மைப் பார்க்கத் திரும்பவேண்டியிருக்கும், நம் பீரங்கிக்கும் தடையின்றி இடம் கிடைக்கும். ஒலிபெருக்கியில் நிற்கச் சொல்வது, தேடுவிளக்கைப் போடுவது, நிற்காவிட்டால் முன்னால் தண்ணீரில் எச்சரிக்கைக் குண்டு என்று படிப்படியாகத்தான் போகவேண்டும். ஒவ்வொரு படிக்கும் நேரமும் இடமும் பதிவேட்டில் ஏறவேண்டும். நாளை தூதரக மட்டத்தில் கேள்வி வந்தால் அந்தப் பக்கம்தான் சாட்சி.

சுடுவதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி, இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது. 40 மி.மீ. குண்டு இலக்கைத் தவறவிட்டால் 10 கிலோமீட்டரையும் தாண்டிப் போகக்கூடும். நீரிணையின் மொத்த அகலமே 16 கிலோமீட்டர். பின்னால் எண்ணெய்க் கப்பல் நிற்கலாம், புக்கோம் தீவின் எண்ணெய்த் தொட்டிகள் இருக்கலாம், அயல்நாட்டுக் கிராமம் இருக்கலாம். அதனால் சுடும் திசையைத் தேர்ந்தெடுக்க முதலில் தன் படகைத்தான் நகர்த்தவேண்டும்.

நின்ற படகில் ஏறிச் சோதிப்பது தனிக் கலை. ஏறுபவர் இருவர், மேலிருந்து பாதுகாப்பவர் இருவர். பாதுகாப்பவரின் துப்பாக்கிக்கும் படகுக்காரருக்கும் நடுவே ஏறியவர் வந்துவிடக்கூடாது. படகுக்காரர்களை முன்பக்கம் உட்காரவைத்துக் கை தெரியும்படி செய்யவேண்டும். பிறகு மீன் கூடை, ஐஸ் பெட்டி, எஞ்சின் மூடி, தரைப்பலகைக்கு அடியில் என்று பார்க்கவேண்டும். வலை இல்லாத மீன்பிடிப் படகு, வாங்கும் சக்தியை மீறிய மோட்டார், காய்ந்து கிடக்கும் மீன் பெட்டி என்று ஏதாவது ஒன்று பொருந்தாமல் இருக்கும். நூற்றில் பெரும்பாலானவர் மீனவர்களும் சில்லறை வியாபாரிகளும்தான். அவர்களை மரியாதையோடு அனுப்பிவைப்பதும் பாதுகாப்பு வேலைதான். அடுத்த முறை வேற்றுப் படகைக் கண்டால் சொல்லப்போவது அவர்களே. மலாய் பேசத் தெரியாத அதிகாரிக்கு இங்கே பாதி வேலை நடக்காது.

செங்காங்கிலிருந்து: கடற்படையில் மேஜர், லெப்டினன்ட் கர்னல் என்று தரைப்படைப் பதவிகளே இருக்கின்றனவே, ஏன்?

சிங்கப்பூர் ஆயுதப் படை முழுவதற்கும் ஒரே பதவி வரிசை வைத்திருக்கிறார்கள். கர்னல் வரைக்கும் தரைப்படைப் பெயர்கள்தான். அதற்கு மேலேதான் அட்மிரல் வரிசை தொடங்கும். ஆகவே இங்கே லெப்டினன்ட் கர்னல் ஒருவர் கப்பலின் கேப்டனாக இருப்பார். கேப்டன் பதவியில் இருப்பவரோ அதே கப்பலில் இளைய அதிகாரியாக இருப்பார். குழப்பம்தான், பழகிவிடும்.

பொத்தோங் பாசிரிலிருந்து மூத்த வாசகர்: லாஜு படகுக் கடத்தலில் எஸ்.ஆர். நாதன் குவைத்துக்குப் போனது எல்லோருக்கும் தெரியும். கடற்படை அதில் என்ன செய்தது?

நடந்ததைச் சுருக்கமாக: 1974 ஜனவரி 31-ஆம் தேதி ஜப்பானியச் செம்படையைச் சேர்ந்த இருவரும் பாலஸ்தீன விடுதலை மக்கள் முன்னணியைச் சேர்ந்த இருவரும் புக்கோம் தீவின் ஷெல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்தைத் தாக்கினார்கள். வெடித்த குண்டுகளால் பெரிய சேதமில்லை. தப்பிக்க லாஜு என்ற பயணிப் படகைக் கைப்பற்றி அதன் ஐந்து பணியாளர்களைப் பிணைபிடித்தார்கள். கடல்துறைப் போலிஸும் மேரிடைம் கமாண்டின் படகுகளும் துரத்திச் சென்று கிழக்கு நங்கூரப் பகுதியில் வளைத்து நிறுத்தின. பணியாளர்களில் இருவர் பின்னர் நீரில் குதித்துத் தப்பினர். பேச்சு ஒரு வாரம் நீண்டது. பிப்ரவரி 8-ஆம் தேதி, அப்போது தற்காப்பு அமைச்சின் பாதுகாப்பு, உளவுப் பிரிவின் இயக்குநராக இருந்த நாதன் தலைமையில் 13 பேர் உத்தரவாதமாக அந்த நால்வருடன் குவைத்துக்குப் பறந்தார்கள்.

இப்படி ஒரு வளையம் போடுவது துரத்துவதைவிடக் கடினம். நீரோட்டம் ஒரே நாளில் திசை மாறும். நிற்கும் படகு அதோடு சுற்றும். நேற்று தெரிந்த கதவு இன்று தெரியாது. வளையத்தில் உள்ள ஒவ்வொரு படகும் தன் இடத்தை எஞ்சினால் பிடித்து நிறுத்தியாக வேண்டும், சுடும் கோணத்தில் இன்னொரு நம் படகு இருக்கக்கூடாது. நெருங்கினால் உள்ளே இருப்பவர் மிரண்டுபோவார், விலகினால் இரவில் யாராவது சின்னப் படகில் வந்து சேர்ந்துவிடலாம். வெடிபொருள் இருப்பதால் காற்றுக்கும் ஓட்டத்துக்கும் கீழ்ப்பக்கம் நிற்கக்கூடாது. பணியாளர் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை மாறவேண்டும், மாறும்போது வளையத்தில் ஓட்டை விழக்கூடாது. ஒரு வாரம் ஒரு குண்டும் வீணாகாமல் இதைச் செய்தது ஏழு வயதுகூட நிறையாத படை.

ஈசூனிலிருந்து ஒரு வாசகி: எங்கள் தாத்தா நேவல் பேஸில் வேலை பார்த்தவர். பிரிட்டிஷார் போனதும் அந்த இடத்தை ஏன் நம் கடற்படை எடுத்துக்கொள்ளவில்லை?

தாத்தா காலத்து செம்பவாங் ஒரு கப்பற்படை முழுவதையும் தாங்கக் கட்டியது. 1938-இல் திறந்த ஆறாம் ஜார்ஜ் மன்னர் உலர்துறை மட்டும் 1,000 அடி நீளம். 110 அடிப் படகுகளுக்கு அது எதற்கு? அதைவிட, தளங்களை நம்பிப் பிழைத்த ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு வேலை வேண்டும். நாட்டு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு பிரிட்டிஷ் தளங்களிலிருந்து வந்ததாகச் சொல்லப்பட்ட காலம் அது. அதனால் கப்பல் பட்டறையை 1968-இல் ஒரு வெள்ளி அடையாள விலைக்கு வாங்கி, வணிகக் கப்பல்களைப் பழுதுபார்க்கும் செம்பவாங் ஷிப்யார்டாக மாற்றினார்கள். நல்ல முடிவு என்பதே எங்கள் கருத்து. பற்றவைப்பவர், கொதிகலன் ஆள், மின்பணியாளர் என்று நேவல் பேஸில் பழகிய கைகள் கலைந்துபோகாமல் இங்கேயே இருந்தன. நம் படகுகளை இங்கேயே கட்ட முடிந்ததற்கு இப்படிப்பட்ட கைத்திறனும் ஒரு காரணம். கடற்படை தெலுக் ஆயரிலிருந்து பிளாக்காங் மாத்திக்கும், இன்றைய செந்தோசாதான் அது, பிறகு புலாவ் பிரானிக்கும் போனது. துவாஸ் தளம் 1994-இல் வந்தது, சாங்கி அதற்குப் பின்.

கிளமெண்டியிலிருந்து: ரோந்துப் படகு கிடைத்த கையோடு ஏவுகணைப் படகும் வாங்கியது ஏன்? சின்ன நாட்டுக்கு அது அதிகமில்லையா?

1967 அக்டோபர் 21-ஆம் தேதி எகிப்தின் சிறு ஏவுகணைப் படகுகள் போர்ட் சயீத் அருகே இஸ்ரேலின் ஐலாட் போர்க்கப்பலை ஏவுகணையால் மூழ்கடித்தன. பெரிய கப்பலைச் சின்னப் படகு சாய்க்கலாம் என்பது அன்று எல்லாக் கடற்படைக்கும் உறைத்தது. பெரிய கப்பல் வாங்கப் பணமில்லாத நாட்டுக்கு அதைவிட நல்ல செய்தி இருக்கமுடியாது. ஜெர்மனியின் லூர்சன் நிறுவனத்தின் 45 மீட்டர் படகுகள் ஆறு வாங்கப்பட்டன: சீ வுல்ஃப், சீ லயன், சீ டிராகன், சீ டைகர், சீ ஹாக், சீ ஸ்கார்பியன். இரண்டு ஜெர்மனியில், நான்கு இங்கே. அவற்றில் பொருத்தியது இஸ்ரேலின் கேப்ரியல் ஏவுகணை, எட்டும் தூரம் சுமார் 20 கி.மீ. 2008 வரை அவை உழைத்தன.

அதிகாரிக்கு இதனால் வேலை கூடியது. 20 கி.மீ. தொலைவில் இருக்கும் புள்ளி போர்க்கப்பலா எண்ணெய்க் கப்பலா என்று ஏவுகணை தானாகச் சொல்லாது. உலகின் நெரிசல் மிகுந்த நீரிணையில் அந்தப் பிழைக்கு இடமேயில்லை. தன் ரேடாரைப் போட்டால் எதிரிக்குத் தன் இருப்பிடம் தெரிந்துவிடும், போடாவிட்டால் இலக்கு தெரியாது. எனவே ஒரு படகு போட்டுப் பார்த்துச் சொல்ல, மற்றவை இருளில் மௌனமாக நகரும் முறையைப் பழகவேண்டும். படகை இரண்டு ஆண்டில் கட்டிவிடலாம், இந்தப் பழக்கம் அதைவிட மெல்லத்தான் வரும். அதனால்தான் தொடக்கத்தில் அதிகாரிகளை பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து கடற்படைகளிடம் அனுப்பிப் பயிற்றுவித்தார்கள்.

பெடோக் ரிசர்வோயரிலிருந்து: 1975-இல் வியட்நாம் அகதிகள் வந்தபோது கடற்படை அவர்களைத் திருப்பி அனுப்பியதாகப் படித்தேன். இதைப் பாதுகாப்பு என்று சொல்லலாமா?

சைகோன் வீழ்ந்த பிறகு மே 2 முதல் கப்பல்கள் வரத் தொடங்கின. கரையிறக்கக்கூடாது என்பது அரசின் முடிவு. அதைச் செயல்படுத்தியது ஆபரேஷன் தண்டர்ஸ்டார்ம். வந்தவர்கள் 8,000 பேருக்கும் மேல். அந்த முடிவு சரியா என்பதில் கருத்து வேறுபாடு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அதை ஒரு கடற்படை அதிகாரி எடுக்கவில்லை. அவர் கையில் இருந்தது அதை எப்படிச் செய்வது என்பது மட்டும். ஆட்கள் பிதுங்கி வழியும் கப்பலில் ஒரு பக்கமாக அணைந்தால் எல்லோரும் அந்தப் பக்கம் ஓடுவார்கள், கப்பல் சாயும். ஆகவே முதலில் தள்ளி நின்று உட்காரச் சொல்லவேண்டும். பிறகு ஆயுதம் இருக்கிறதா என்று பார்ப்பது, மருத்துவர் ஏறுவது, நின்றுபோன எஞ்சினைப் பழுதுபார்ப்பது, நீர், உணவு, எரிபொருள் ஏற்றுவது. பழுதான எஞ்சினோடு வெளியே அனுப்பினால் அது கொலைக்குச் சமம். எனவே அந்த நாட்களில் பீரங்கிக்காரரைவிட எஞ்சின்காரருக்குத்தான் தூக்கமில்லை.

ஜூரோங் வெஸ்ட்டிலிருந்து ஒரு தாய்: மகனுக்கு தேசிய சேவை கடற்படையில் கிடைக்கும் என்று தெரிகிறது. இப்போதைய கப்பல்களில் எல்லாம் கணினிதானே, நீங்கள் சொல்லும் பழைய வேலையெல்லாம் இன்னும் இருக்கிறதா? முன்கூட்டியே என்ன பழகலாம், அவனுக்குக் குமட்டலும் உண்டு.

இருக்கிறது, ஆள்தான் குறைந்துவிட்டது. 1970-இன் இண்டிபெண்டன்ஸ் 110 அடி. அதே பெயரில் 2017 மே 5-ஆம் தேதி பணிக்கு வந்த கப்பல் 80 மீட்டர், அடிப்படைப் பணியாளர் 23 பேர்தான். கணினி புள்ளியைக் காட்டும், பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பது இன்னும் ஆள்தான்.

குமட்டலுக்கு வெறும் வயிறும் நிறைந்த வயிறும் இரண்டுமே கெடுதல். உப்பு பிஸ்கட், இஞ்சி, கொஞ்சம் கொஞ்சமாக நீர். கைப்பேசியைப் பார்க்காமல் அடிவானத்தைப் பார்க்கவேண்டும், கப்பலின் நடுப்பகுதியில் கீழ்த்தளத்தில் ஆட்டம் குறைவு. பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று நாளில் பழகிவிடும். மாத்திரை என்றால் முகாம் மருத்துவரிடம் கேட்டுத்தான் எடுக்கவேண்டும், தூக்கம் வரவழைப்பவை உண்டு. நிறப் பார்வைச் சோதனையைப் பற்றிக் கவலைப்படுவோரும் உண்டு. காரணம் எளிது: இரவில் கப்பலின் இடப்புறம் சிவப்பு விளக்கு, வலப்புறம் பச்சை, இரண்டும் முன்னிலிருந்து 112.5 பாகை வரைக்கும் தெரியும், பின்னால் வெள்ளை. நிறம் தெரியாவிட்டால் எதிரில் வருவது எந்தப் பக்கம் போகிறது என்று தெரியாது.

இதை ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் நின்றே பழகலாம். நங்கூரமிட்ட கப்பல்களில் சிவப்பும் பச்சையும் இருக்காது, வெள்ளை மட்டும். நகரும் கப்பலில் இரண்டு வெள்ளை விளக்கு உயர வித்தியாசத்தோடு தெரியும். தாழ்ந்தது முன்பக்கம், உயர்ந்தது பின்பக்கம். இரண்டும் ஒன்றுக்கு மேல் ஒன்றாக நேராக வந்து, சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்தால் அது உங்களை நோக்கித் திரும்பியிருக்கிறது. மகனிடம் ஒரு கப்பலைத் தேர்ந்தெடுத்து, கரையில் உள்ள ஒரு கம்பத்துக்கு நேராக வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கம்பத்தை விட்டு எவ்வளவு விலகியிருக்கிறது, எந்த விளக்கு புதிதாகத் தெரிகிறது, எது மறைந்தது என்று எழுதட்டும். விலகவே இல்லை, ஆனால் பெரிதாகிக்கொண்டே வருகிறது என்றால், நாம் நிற்கும் இடத்தில் ஒரு படகு இருந்திருந்தால் அதற்கு மோதல் நிச்சயம்.